இன்ஜினைப் பார்த்தேன், கிரானைப் பார்க்கவில்லை

2024 ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் வரை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வேன் நீலக் கித்தான் போர்த்திக்கொண்டு நின்றது. உள்ளே கட்டில், அடுப்பு, ஐஸ்பெட்டி, காற்றாடி எல்லாம் இருந்தன. சாலையில் இறக்க மட்டும் முடியாது. காலையில் ஒட்டுக்கடைக்கு ரொட்டி சானாய் வாங்கப் போனால், அங்கே உட்கார்ந்திருக்கும் பழைய ஆலைக்காரர்கள், "என்னாண்ணே, வீடு இன்னிக்காவது ஓடுமா?" என்பார்கள். சிரித்து வைப்பேன். இரண்டாவது மாதம் வேறு கடைக்கு மாறினேன். மூன்றாவது மாதம் கடைக்குப் போவதையே விட்டுவிட்டேன். இப்போது வேன் ஓடுகிறது. போன ஒரு வருஷத்தில் தொண்ணூறு இரவுக்கு மேல் நானும் மனைவியும் அதில் தூங்கியிருக்கிறோம். என்னைப் போல் வேலையைச் சீக்கிரமே விட்டுவிட்டு இப்படி ஒரு வேன் வாங்க நினைக்கிறவர்கள் நான் விழுந்த குழியில் விழ வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தோரு வருஷம் வேலை செய்தவன். கடைசியில் ஒர்க்‌ஷாப் ஃபோர்மென். தனியார் துறையில் கட்டாய ஓய்வு வயதை 2013 ஜூலை முதல் குறைந்தது 60 என்று வைத்துவிட்டார்கள், எனவே இன்னும் ஐந்து வருஷம் இருந்திருக்கலாம். ஆனால் பாய்லர் இரைச்சலில் என் இடது காது பாதி போயிருந்தது. 55 ஆனதும் ஊழியர் சேமநிதியை எடுக்கலாம் என்பது தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வீட்டுக்கடன் முடிந்திருந்தது, மகள் ஜொகூரில் வேலைக்குப் போய்விட்டாள். ஜனவரியில் வேலையை விட்டேன்.

வேன் ஆசை எங்கிருந்து வந்தது என்று மனைவி கேட்டபோது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நான் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்தவன். அப்பா பால்மரம் சீவியவர். வேலை முடிந்த அன்றே தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய வழக்கம். கடைசி இரண்டு வருஷம் அவர் பேசியதெல்லாம் எங்கே போவது என்பது பற்றித்தான். எனக்குச் சொந்த வீடு இருக்கிறது. அப்படியிருந்தும் ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும், சட்டிபானையை லோரியில் ஏற்றிக்கொண்டு போன அந்த நாள்தான் நினைவுக்கு வந்தது. வீடே லோரியாக இருந்துவிட்டால் யார் காலி பண்ணச் சொல்வார்கள்? பைத்தியக்கார யோசனைதான். ஆனால் அதுதான் உண்மை.

2024 மார்ச்சில், வடக்கே ஓர் ஊரில், பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய டீசல் வேன் ஒன்றைப் பார்த்தேன். கேம்பர் வேனாக மாற்றியிருந்தார்கள். விலை 42,000 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு மணி நேரம் வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். எண்ணெய்க் கசிவு இல்லை. கியர் சுத்தம். சேசிஸில் துரு இல்லை, வெள்ளத்தில் முங்கிய அடையாளமும் இல்லை. டார்ச் அடித்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேறு இருக்கிறதா என்று பார்த்தேன். (வெள்ளத்தில் முங்கிய வண்டியா என்று கண்டுபிடிக்க இது நல்ல வழி. கார்ப்பெட்டை மாற்றிவிடுவார்கள், பெல்ட்டைக் கழுவ மறந்துவிடுவார்கள்.) இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்பதைவிட கையை வைத்து உணர்ந்து பார்ப்பேன், அது ஆலையில் வந்த பழக்கம். எல்லாம் பிரமாதம். விற்றவர் கிரானை, அதாவது வாகனப் பதிவுச் சான்றிதழை, நீட்டினார். சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் சரியாக இருந்தன. அத்தோடு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இருக்கை எண்ணிக்கை, வாகன வகை என்ற இரண்டு வரிகளைப் படிக்க எத்தனை நேரம் ஆகும்? பத்து விநாடி. அதை நான் செய்யவில்லை.

பெயர் மாற்றத்துக்கு முன்னால் புஸ்பாகோம் என்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. "நீங்க அலைய வேணாம் சார், நானே முடிச்சுத் தர்றேன்" என்றார் விற்றவர். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். பரிசோதனைக்குப் போன அன்று வேனுக்குள் கட்டில் இல்லை, அலமாரி இல்லை, பழைய இருக்கைகளை மாட்டிக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. என் கைக்கு வந்தபோது மறுபடியும் கட்டில் வந்திருந்தது. ஆகவே முதல் விஷயம் இதுதான்: பரிசோதனைக்கு நீங்களே கூடப் போங்கள். ஒரு நாள் லீவு போட வேண்டிய அவசியம்கூட நமக்கு இல்லை, அதற்குத்தானே ஓய்வு எடுத்தோம்.

முதல் பயணம் லூமுட் பக்கம், தெலுக் பாத்திக் கடற்கரை. ஓர் இரவுதான். கடல் காற்று, மீன் குழம்பு, மனைவி சிரித்த முகம், எல்லாம் இருந்தது. விடியற்காலை நாலரைக்கு முழிப்பு வந்தது. காற்றாடி நின்றிருந்தது. ஐஸ்பெட்டி விளக்கும் எரியவில்லை. மனைவிக்குச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறவள். திறக்காத ஊசி மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். ஐஸ்பெட்டிக்குள் கையை விட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. அந்த நேரத்தில் எங்கே ஐஸ் கிடைக்கும்? ஏழு மணி வரை காத்திருந்து, கடை திறந்ததும் ஒரு பை ஐஸ் வாங்கித் துணி சுற்றி வைத்தேன். ஐஸ் நேராக மருந்தில் படக்கூடாது, உறைந்துபோன இன்சுலினும் குப்பைதான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காரணம் சின்னக் கணக்கு. வேனில் இருந்தது 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி. 100 என்று எழுதியிருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும், ஆக நம் கைக்கு 50தான். என் ஐஸ்பெட்டியும் காற்றாடியும் சேர்ந்து சராசரி நாலு ஆம்பியர் இழுத்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் கதை முடிந்தது. சாயங்காலம் நாலரைக்கு இன்ஜினை நிறுத்தினேன், விடிகாலை நாலரைக்கு விளக்கு போனது. கடிகாரம் போல் சரியாக! முப்பது வருஷம் மோட்டாரோடு குடித்தனம் நடத்தியவன் இந்த வகுத்தலைப் போடாமல் போயிருக்கிறேன். இப்போது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வைத்திருக்கிறேன். 1,600 வெள்ளி ஆனது. அதில் முக்கால் பங்குக்கு மேல் தாராளமாக எடுக்கலாம். மருந்துக்கு மட்டும் தனியாக ஒரு தெர்மோஸ் பையும் உண்டு, ஐஸ்பெட்டியை நம்புவதில்லை.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் சமதரையில் இரவு வேர்த்துக் கொட்டும். இன்ஜினை ஓடவிட்டு ஏர்கோண்டில் தூங்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கூரையில் ஒரு காற்றாடி, இரண்டு பக்கமும் கொசுவலை போட்ட ஜன்னல், அதற்கும் மேல் வேர்த்தால் இடம் மாற்றம். மலைக்குப் போங்கள், இல்லை கடல் பக்கம் போங்கள்.

நாங்கள் மலைக்குப் போனோம். அதுதான் இரண்டாவது பயணம், மார்ச் கடைசி. தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறி, ரிங்லெட் தாண்டி, தானா ராத்தாவில் இரண்டு இரவு. போர்த்திக்கொண்டு தூங்கினோம். மூன்றாம் நாள் காலை அதே தாப்பா சாலையில் இறங்கினோம். வளைவுக்கு மேல் வளைவு. நான் மூன்றாம் கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். மனைவி, "என்னாங்க, ஏதோ கத்துது" என்றாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவள் பக்கம்தான் என் கெட்ட காது. கொஞ்ச நேரத்தில் "கருகுது" என்றாள். அது எனக்கும் மூக்கில் ஏறியது. அடுத்த வளைவில் மிதித்தேன். பெடல் பஞ்சு போல் உள்ளே போனது, வேன் நிற்கவில்லை, வேகம் மட்டும் லேசாகக் குறைந்தது. இரண்டாம் கியருக்குத் தள்ளினேன், இன்ஜின் அலறியது, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி வந்தது. அங்கே கடைகள் ஓரமாக ஒதுக்கினேன். கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை. மனைவிதான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கடைக்கார மலாய் அம்மா ஒருவர் இரண்டு கிளாஸ் கரும்புச்சாறு கொண்டுவந்து வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்று கையை அசைத்துப் போய்விட்டார். எங்கள் முகம் அப்படி இருந்திருக்கும்.

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் ஊற்றட்டுமா என்று ஒரு பையன் கேட்டான், வேண்டாம் என்றேன். பழுத்த இரும்பில் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளையும், விரிசலும் விடும். தானாக ஆற வேண்டும். பிறகு இரண்டாம் கியரில் ஊர்ந்து தாப்பா வந்து, ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பிரேக் எண்ணெய் காப்பி நிறத்தில் இருந்தது. அந்த எண்ணெய் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் ஏற ஏறக் கொதிநிலை குறையும், சூட்டில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சாகிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான், எத்தனை வருஷமாக மாற்றவில்லையோ தெரியாது. எண்ணெய், பேட், இரண்டு டிஸ்க், பின்பக்க ஷூ எல்லாம் சேர்த்து 1,850 வெள்ளி. தவுக்கே (கடை முதலாளி) என்னைப் பார்த்து, "ஏறுற கியர்லயே இறங்கணும்னு தெரியாதா?" என்றார். தெரியும். ஆலையில் லோரி ஓட்டுகிற பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்ததுதான். வீட்டை ஓட்டுகிறோம் என்ற சந்தோஷத்தில், ஓட்டுவது பாரவண்டி என்பதை மறந்துவிட்டேன்.

பாரம் எவ்வளவு என்பது இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன். அதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது.

நோன்புப் பெருநாள் சமயம், சாலையெங்கும் சோதனை. ஒரு சாலைத் தடுப்பில் எங்களை ஓரம் கட்டச் சொன்னார்கள். அதிகாரி இளவயதுப் பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார், "அழகா இருக்கு அங்கிள்" என்றுகூட மலாயில் சொன்னார். அப்புறம் கிரானைப் பார்த்தார். பத்து இருக்கை கொண்ட தனியார் வேன் என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தது மூன்று இருக்கையும் ஒரு கட்டிலும். மாற்றம் செய்ய ஒப்புதல் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். 300 வெள்ளி அபராதம், அதோடு சரிசெய்து மறுபரிசோதனையில் தேறும் வரை வேனைச் சாலையில் ஓட்டக்கூடாது என்று நோட்டீஸ். இழுவை லோரிக்கு 650. பண்டிகைக் கூட்டத்தில் ஊர் முழுக்க நின்று பார்க்க, வேன் லோரி முதுகில் ஏறி வீடு வந்து சேர்ந்தது. அபராதம் கட்டியது வலிக்கவில்லை. அந்தக் காட்சிதான் வலித்தது.

விற்றவருக்குப் போன் செய்தேன். முதல் நாள் எடுத்தார், "எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க சார்" என்றார். இரண்டாம் நாளிலிருந்து எடுக்கவில்லை. ரசீதில் 'வேன் ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தது, அதில் என் கையெழுத்தும் இருந்தது. யாரை எந்த வாயால் கேட்பது?

காப்புறுதிக்காரர்களிடம் ஒரு சந்தேகம் போலக் கேட்டேன். மாற்றம் செய்ததை அவர்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால், விபத்து நடந்த பிறகு இழப்பீட்டை மறுக்க இடம் உண்டு என்றார்கள். லாத்தா இஸ்கண்டார் வளைவில் எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று இரவு நினைத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. மனைவியிடம் இதைச் சொல்ல எனக்கு ஆறு வாரம் பிடித்தது. அபராதம் பற்றித்தான் கவலைப்படுகிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மறைத்ததுதான் இந்தக் கதையிலேயே நான் செய்த பெரிய மடத்தனம். ஏனென்றால் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஜேபிஜே கவுண்டருக்குப் போயி நேரா கேட்டீங்களா?" என்பதுதான். ஜேபிஜே என்றால் சாலைப் போக்குவரத்து இலாகா. நான் ஒட்டுக்கடையில், வாட்சாப்பில், ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் கேட்டிருந்தேன். கவுண்டரில் மட்டும் கேட்கவில்லை.

மறுநாளே போனோம். நடைமுறை சுருக்கமாக இதுதான். மாற்றத்துக்கு முன்னால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் வரைபடத்தோடு விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். அதன்படி ஒர்க்‌ஷாப்பில் வேலை நடக்க வேண்டும். பிறகு வாகனத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதில் தேறிய பிறகு கிரானில் விவரத்தை மாற்றுவார்கள். வேலையை முடித்துவிட்டு அனுமதி கேட்பது, பிள்ளை பிறந்த பிறகு நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்ப்பது மாதிரி. என் வேனில் இருந்ததையெல்லாம் கழற்றி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. விதிகள் அவ்வப்போது மாறும், ஆகவே நான் எழுதியதை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காமல் நீங்களும் ஒருமுறை கவுண்டரில் கேட்டுவிடுங்கள். ரெடிமேட் வேன் வாங்குகிறவர்கள் கிரானின் படத்தை முதலில் அனுப்பச் சொல்லுங்கள். இருக்கை எண்ணிக்கை வண்டியோடு ஒத்துப்போகாவிட்டால் பெட்ரோல் செலவழித்து நேரில் போய்ப் பார்க்கவே வேண்டாம். அப்புறம் லைசென்ஸ். நம் 'டி' லைசென்ஸ் வெற்றெடை 3,500 கிலோவுக்கு மேல் போகாத வாகனத்துக்குத்தான். லோரி சேசிஸில் கட்டிய பெரிய மோட்டார்ஹோமைப் பார்த்து மயங்குகிறவர்கள் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள்.

பழைய மரச்சாமானைக் கழற்றி, ஒப்புதல் கிடைத்தபடி புதிதாகச் செய்ய 11,500 வெள்ளி. நடுவில் ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியத்தை எடுத்தார்கள், லிட்டர் 2.15-லிருந்து ஒரே இரவில் 3.35 ஆனது. என் தொட்டி 65 லிட்டர். ஒரு தடவை நிரப்ப 140 வெள்ளி ஆனது 218 ஆகிவிட்டது. கித்தானுக்குள் நிற்கிற வேனுக்கு டீசல் விலை ஏறினால் என்ன என்று அன்று சிரித்தேன், அழுகை வராததால். இப்போது டீசல் விலை வாரா வாரம் மாறுகிறது. அதனால் தூரத்தைக் குறைத்து, தங்கும் நாளைக் கூட்டிவிட்டோம். யோசித்துப் பார்த்தால் அதுவே நல்லதாகப் போயிற்று.

பணத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. 42,000-ஐ சேமநிதியிலிருந்து ஒரே தடவையாக எடுத்தேன். 2024-க்குச் சேமநிதி அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு. அங்கேயே விட்டிருந்தால் ஒரு வருஷத்துக்கு 2,646 வெள்ளி வந்திருக்கும். அது எங்கள் மூன்று மாதப் பயணச் செலவு. வேன் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கிறோம், இந்தப் பணத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு இப்போது புத்தி வந்தது மாதிரி அப்போது வந்திருந்தால், முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்த்திருப்பேன். ஓர் இரவுக்கு 350 என்று சொன்னார்கள், அநியாயம் என்று நினைத்தேன். அபராதம், இழுவை, பிரேக், பேட்டரி, மறுவேலை எல்லாம் சேர்த்து நான் கூடுதலாகக் கொடுத்தது 15,900. அந்தக் காசுக்கு நாற்பத்தைந்து இரவு வாடகைக்கு எடுத்திருக்கலாம்.

செப்டம்பரில் கிரான் மாறி வந்தது. வேனை நேராகப் பழைய ஆலைக்கு ஓட்டினேன். செம்பனைக் குலை லோரிகள் ஏறுகிற எடைப்பாலத்தில் ஒரு தடவை ஏற்றிப் பார்க்கட்டுமா என்று கேட்டதும், எடைக்கூண்டில் இருந்த தம்பி சிரித்துக்கொண்டே, "குலை எங்கண்ணே?" என்றான். மனைவி, தண்ணீர், துணிமணி, அரிசி, கேஸ் தோம்பு (சிலிண்டர்) என்று பயணத்துக்குக் கிளம்புவது போலவே எல்லாம் உள்ளே இருந்தது. சிவப்பு எண்கள் ஓடி நின்றன: 3,060. கதவோரத் தகட்டில் அனுமதித்த மொத்த எடை 2,800. அந்தத் தம்பி சீட்டை அச்சடித்தே கொடுத்துவிட்டான், இன்னும் வைத்திருக்கிறேன். மரச்சாமானை மாற்றிய பிறகே இப்படி என்றால், கேமரனில் இறங்கிய அன்று எவ்வளவு இருந்திருக்கும்!

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பொருளாகக் குளியலறைத் தராசில் நிறுத்தினோம். தண்ணீர்த் தொட்டி 120 லிட்டர், ஆக 120 கிலோ. அதை நாற்பதுக்கு மேல் நிரப்புவதில்லை, போகிற இடத்தில் குழாய் இருக்கும். 14 கிலோ கேஸ் தோம்பு, தோம்பின் எடையோடு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது வீட்டுக்குப் போய்விட்டது, இப்போது சின்ன அடுப்பும் டப்பா கேஸும்தான். (டப்பாவை வெயிலில் நிற்கும் வேனில் விடக்கூடாது, வெடிக்கும்.) மனைவியின் கல் உரல். ஆமாம், கல் உரல். அதற்கு ஒரு சண்டை நடந்தது, உரல் தோற்றது. என் கருவிப்பெட்டி 38 கிலோ. அதற்கும் ஒரு சண்டை நடந்தது. நானும் தோற்றேன்.

தீபாவளி முடிந்து நவம்பர் நடுவில் கிழக்குக் கரைக்குக் கிளம்பினோம். பருவமழைக் காலம் என்று தெரியாமல் இல்லை. ஐந்து மாதம் அடைபட்டுக் கிடந்த வெறி. கிரிக்கில் டீசல் நிரப்பி, காலையிலேயே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். அங்கே இருட்டில் ஓட்டவே ஓட்டாதீர்கள், யானை கடக்கும் சாலை. 2025 மே மாதம் ஒரு குட்டி யானை லோரியில் அடிபட்டுச் செத்த செய்தியைப் பார்த்திருப்பீர்கள், அதே சாலைதான். பண்டிங்கில் ஏரியோரம் ஓர் இரவு. அப்புறம் ஜெலி, பாசிர் பூத்தே, செத்தியூ பக்கம் பெனாரிக் கடற்கரை. தென்னைக்கு நடுவில் வேனை நிறுத்தினோம், தேங்காய் விழாத இடமாகப் பார்த்து. ஒரு வாரம் அங்கேயே இருந்தோம். காலையில் நாசி டாகாங், சாயங்காலம் சுடச்சுட கெரோப்போக் லெக்கோர். டோபி கடையில் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போது மனைவி பக்கத்து நாற்காலிப் பாட்டியிடம் தனக்குத் தெரிந்த மலாயில் குடும்பக் கதை முழுவதும் சொல்லிவிட்டாள். எனக்கு அங்கே ஒன்று புரிந்தது. ஐந்து நாள் இருக்கலாம் என்று போன இடத்தில் எட்டாம் நாளும் இருக்கிறோம், யாருக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்கவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு வாரம் எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஒன்பதாம் நாள் அங்கே வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கடலைப் பார்த்து, பிறகு எங்கள் வேனின் டயரைப் பார்த்து, "பூலாங்" என்றார். வீட்டுக்குப் போ. அவ்வளவுதான். வானிலை எச்சரிக்கையும் வந்திருந்தது. ஓட்டல் முன்பதிவு இல்லை, திரும்ப டிக்கெட் இல்லை, வீணாகப் போக எதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். அந்த நவம்பர் கடைசியில் கிளந்தானும் திரங்கானுவும் வெள்ளத்தில் தத்தளித்ததை வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்தோம். நினைத்தால் கிளம்பலாம் என்றுதான் இந்த வேனை வாங்கினேன். நினைத்தால் திரும்பலாம் என்பது அதைவிடப் பெரிய சௌகரியம். நவம்பரிலிருந்து மார்ச் வரை இப்போது மேற்குக் கரையோடு சரி. கிழக்கு எங்களுக்கு ஏப்ரலுக்குப் பிறகுதான்.

இரவு நிறுத்தும் இடம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஆர்என்ஆர் என்கிற நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கழிப்பறை, விளக்கு, சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் அது ஓய்வெடுக்கும் இடம், குடியிருக்கும் இடமில்லை, நாற்காலியும் கூடாரத் துணியும் விரிக்காதீர்கள். ஐஸ் லோரிகள் பக்கத்தில் நிறுத்தினால் அதன் மோட்டார் விடிய விடிய ஓடும். என் கெட்ட காதை மேலே வைத்து நான் தூங்கிவிடுவேன், மனைவிக்குத்தான் கஷ்டம். கோயில் வளாகம் என்றால் தலைவரிடமோ குருக்களிடமோ பகலிலேயே கேட்டுவிட வேண்டும், இருட்டிய பிறகு போய்க் கதவைத் தட்டினால் யாருக்கும் சந்தேகம் வரும். தோட்டத்து நிலம் காலியாகத்தான் கிடக்கிறது என்று செம்பனைக்குள் ஒதுக்காதீர்கள், அது தனியார் நிலம். மழை பெய்தால் டயரும் புதையும். இதைத் தோட்டத்தில் பிறந்தவன் சொல்கிறேன்.

நினைத்தபடி போகலாம் என்கிறோமே, அதற்கும் எல்லை உண்டு. எங்கள் பயணத்தை நிர்ணயிப்பது மனைவியின் கிளினிக் தேதி. மருந்து வாங்கும் நாள், ரத்தப் பரிசோதனை நாள், மாமியாரைக் கவனிக்க மைத்துனர் வீட்டுக்குப் போகிற நாள், இதையெல்லாம் காலண்டரில் முதலில் வட்டம் போட்டுவிட்டு, மிச்சமுள்ள வெள்ளையில்தான் வேன் ஓடும். ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த இடைவெளிகளே பத்துநாள், பன்னிரண்டு நாள் என்று அளவாக இருக்கின்றன. அதற்கு மேல் இருந்தால் நாங்கள் இருவரும் அந்தப் பத்தடிக்குள் பேசாமல் இருக்க ஆரம்பித்துவிடுவோம்.

போன வாரம் பீடோரிலிருந்து ஒருவர் போன் செய்தார். என் பழைய ஆலை நண்பருக்குச் சொந்தக்காரராம், அடுத்த மாதம் 55 ஆகிறதாம். 38,000-க்கு ஒரு வேன் பார்த்திருக்கிறார், உள்ளே ஷவர்கூட இருக்கிறதாம், இன்ஜின் கல்லு மாதிரி இருக்கிறதாம். கிரானைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். விற்கிறவர் தர யோசிக்கிறார் என்கிறார். சரி, தந்த பிறகு பேசலாம் என்று வைத்துவிட்டேன். எங்களுக்கு வியாழக்கிழமை கிளினிக். வெள்ளிக்கிழமை லெங்கோங் பக்கம் கிளம்புகிறோம், தண்ணீர்த் தொட்டியில் நாற்பது லிட்டரோடு.